வலிப்பு நோயும் அரசு மருத்துவமும்: காஞ்சிபுரத்தை முன்வைத்து

தமிழ்நாட்டில் சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகள் இன்று நோயாளியின் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்த இரண்டையும் போலவே நாள் தவறாமல், ஆண்டுக்கணக்கில் மாத்திரை உட்கொள்ள வேண்டிய மற்றொரு நோய் கால்–கை வலிப்பு. இதற்கான அடிப்படை மருந்துகள் விலை குறைந்தவை. அரசு மருத்துவமனைகளில் அவை விலையின்றியே வழங்கப்படுகின்றன. ஆயினும் காசநோய்க்கும் தொழுநோய்க்கும் இருப்பது போன்ற தனித் தேசியத் திட்டம் வலிப்பு நோய்க்கு இந்தியாவில் இல்லை; பெரும்பாலும் மனநலத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே அது கவனிக்கப்படுகிறது. பட்டு நெசவையும் கோயில்களையும் நம்பி வாழும் காஞ்சிபுரம் போன்ற ஊரில், மருந்து கையெட்டும் தொலைவில் இருந்தும் சிகிச்சை ஏன் நடுவில் அறுபடுகிறது என்பதையும், ஏற்கெனவே உள்ள அரசுக் கட்டமைப்பைக் கொண்டே அதை எவ்வாறு தொடரச் செய்யலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நோயின் இயல்பு

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று மின் சமிக்ஞைகளால் தொடர்பு கொள்கின்றன. அந்தச் சமிக்ஞைகள் திடீரென்று அளவு மீறி, ஒரே நேரத்தில் எழும்போது உடலிலோ உணர்விலோ நடத்தையிலோ ஏற்படும் மாற்றமே வலிப்புத் தாக்கம் எனப்படுகிறது. கடும் காய்ச்சல், சர்க்கரை அளவு குறைதல் போன்ற உடனடிக் காரணம் இன்றி, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை தாக்கம் வந்தாலோ, ஒரே முறை வந்திருந்தாலும் மீண்டும் வருவதற்கான வாய்ப்பு மிகுதி என்று பரிசோதனையில் தெரிந்தாலோ அதை வலிப்பு நோய் என மருத்துவர்கள் முடிவு செய்கின்றனர். ஆகவே ஒரு முறை ‘ஃபிட்ஸ்’ வந்தவர் அனைவரும் வலிப்பு நோயாளி ஆகிவிடுவதில்லை.

நினைவிழந்து விழுந்து, கைகால்கள் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளும் வகையே மக்களுக்குப் பழக்கமானது. இது மூளையின் இரு பக்கங்களையும் பற்றும் பொதுத் தாக்கமாகும். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கும் பகுதித் தாக்கம் வேறு விதமாகத் தோன்றும். காஞ்சிபுரத்தின் கோர்வைத் தறியில் சேலையின் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடாக்கள் ஓட, நெசவாளருக்கு வலப்புறத்தில் துணையாள் ஒருவர் அமர்ந்து கரைநாடாவைத் தள்ளுவார். அத்தகைய தறியில் நெய்துகொண்டிருப்பவருக்குப் பகுதித் தாக்கம் வந்தால், கையிலுள்ள நாடா பாதியில் நிற்கும், பார்வை ஓரிடத்தில் குத்தி நிற்கும், உதடுகள் சப்புக்கொட்டும், விரல்கள் பாவு இழைகளை நோக்கமின்றித் தடவும்; ஓரிரு நிமிடங்களில் அவர் மீண்டு, நடந்தது எதுவும் நினைவில்லாமல் வேலையைத் தொடர்வார். இதைக் கவனக்குறைவு என்றோ தூக்கக்கலக்கம் என்றோ வீட்டார் எடுத்துக்கொள்வதால், நோய் பல ஆண்டுகள் பெயரின்றியே கிடந்துவிடுகிறது.

இந்த நோயைக் கண்டறிவதில் முதலிடம் பெறுவது தாக்கத்தை நேரில் பார்த்தவர் தரும் விவரமாகும். கைப்பேசியில் பிடித்த சிறு காணொளி கூட மருத்துவருக்குப் பெரிதும் உதவும். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனையும், மூளையின் அமைப்பைக் காட்டும் ஸ்கேனும் அதற்கு அடுத்த நிலையில் துணை நிற்கின்றன. இ.இ.ஜி. இயல்பாக இருப்பதால் மட்டுமே நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எத்தனை பேர்?

உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்வதாகவும், அவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 விழுக்காடு வரையிலானோர் தாக்கமின்றி வாழ முடியும் என்பதும் அந்நிறுவனத்தின் மதிப்பீடே. இந்தியாவில் நடந்த பல கள ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, ஆயிரம் பேருக்கு 5.59 பேர் என்ற விகிதத்தைத் தந்தது.

காஞ்சிபுரத்துக்கு அருகில் நடந்த ஆய்வு ஒன்றின் சான்று வேலூரிலிருந்து கிடைக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர் வேதாந்தம் ராஜசேகர் தலைமையிலான குழு, அன்றைய வேலூர் மாவட்டத்தின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் சுமார் 50,000 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகளை 2006-இல் வெளியிட்டது. ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு பேரிடம் நோய் செயல்நிலையில் இருந்ததையும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழுவின் இளம்புழு என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னர், காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் ஆகிய ஐந்து வட்டங்களைக் கொண்டுள்ள இம்மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படியே 11 லட்சத்துக்கு மேல். மேற்சொன்ன இரு விகிதங்களையும் பொருத்திப் பார்த்தால், நாலாயிரம் முதல் ஆறாயிரம் பேர் வரை இங்கு வலிப்பு நோயுடன் வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும். இது கள எண்ணிக்கை அன்று, கணக்கிட்ட மதிப்பீடு மட்டுமே. ஆயினும் திட்டமிடுவதற்குப் போதுமான அடிப்படையை அது தருகிறது.

நோய் உள்ளவர்களில் தக்க சிகிச்சை பெறாதவர்களின் விகிதத்தைப் பொதுச் சுகாதாரத் துறையினர் ‘சிகிச்சை இடைவெளி’ என்று குறிப்பிடுகின்றனர். இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் இந்த இடைவெளி நகர்ப்புறத்தில் 22 விழுக்காடு முதல் பின்தங்கிய சிற்றூர்களில் 95 விழுக்காடு வரை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

அரசு ஏற்கெனவே கட்டியுள்ளவை

முதல் தூண் மனநலத் திட்டம். வலிப்பு நோயைப் பொது மருத்துவத்துக்குள் கொண்டுவரும் முயற்சி 1982-இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தோடு பிறந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 1980-களின் நடுவில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நடத்திய முன்னோடிப் பணி, சிறு பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களே கடும் மனநோய்களையும் வலிப்பு நோயையும் கண்டறிந்து மருந்து தர முடியும் என்று நிறுவியது. அதன் வழியில் 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், அடுத்த ஆண்டே திருச்சிராப்பள்ளி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பின்னர் படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. வலிப்பு நோய் மனநோய் அன்று; எனினும் நரம்பியல் நிபுணர்கள் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கும் நாட்டில், மாவட்டத்துக்கு ஒரு மனநல மருத்துவரையாவது கொண்டிருக்கும் இந்தத் திட்டமே வலிப்பு நோயாளிக்கு நடைமுறையில் அடைக்கலமாக அமைந்தது.

இரண்டாவது தூண் மருந்து வழங்கல். 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்கும் தேவைப்படும் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரப் பரிசோதனைக்கு உட்படுத்தி, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்கிறது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தனக்கு வேண்டியதை அந்த மருத்துவமனை கேட்டுப் பெறுகிறது. ஃபெனிடாயின், ஃபினோபார்பிட்டோன், கார்பமாசெபின், சோடியம் வால்ப்ரோயேட், லெவெட்டிராசிட்டாம், க்ளோபசாம் ஆகியவை இந்தியாவின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள வலிப்பு மருந்துகளாகும். இவற்றுள் ஃபினோபார்பிட்டோன் 1912 முதலும் ஃபெனிடாயின் 1938 முதலும் பயன்பாட்டில் இருப்பவை. மிக எளிய மருந்து முறையில் ஒரு நோயாளிக்கான ஆண்டுச் செலவு ஐந்து அமெரிக்க டாலர் அளவுக்கும் குறைய முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

மூன்றாவது தூண் குழந்தைகளுக்கானது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று பிறப்பு முதல் 18 வயது வரையிலானோரைப் பரிசோதிக்கின்றன. அக்குழுக்கள் தேட வேண்டிய நிலைகளின் பட்டியலில் வலிப்பும் ஒன்று. அவ்வாறு கண்டறியப்படும் குழந்தைகள் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பப்படுகின்றனர். காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனையைத் தாண்டிய உயர் சிகிச்சை தேவைப்படுவோருக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் நரம்பியல் நிலையமும் உள்ளன. பிந்தையது, மருத்துவர் பி. ராமமூர்த்தி 1950-இல் தொடங்கிய நரம்பு அறுவைத் துறையிலிருந்து வளர்ந்த நிலையமாகும்.

நான்காவதாக, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் வருகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, மாத்திரைகளை நேரில் தந்து, உட்கொண்டார்களா என்று விசாரிக்கும் இந்த ஏற்பாடு, தொடர் சிகிச்சை தேவைப்படும் நோய்களுக்கென்றே உருவானது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றாநோய்களுக்கான பல்துறைப் பணிக்குழு இதற்கு விருது அளித்தது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, இயன்முறைச் சிகிச்சை, வலி தணிப்புச் சிகிச்சை, வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் ஆகியவற்றோடு திட்டம் தொடங்கியது. வலிப்பு நோய் அந்தத் தொடக்கப் பட்டியலில் இல்லை.

சிகிச்சை அறுபடும் இடங்கள்

வலிப்பு மருந்து மூளையில் எப்போதும் ஒரே அளவில் இருந்தால்தான் பயன் தரும். ஓரிரு நாள் விட்டுப்போனாலும் தாக்கம் திரும்பலாம்; திடீரென முற்றாக நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தை நிறுத்துவது பற்றி, குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது தாக்கமின்றி இருந்த பிறகு, மருத்துவரே முடிவு செய்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவ்வளவு நீண்ட தொடர்ச்சியைக் காஞ்சிபுரத்தின் வாழ்க்கைமுறை பல முனைகளில் சோதிக்கிறது.

முதலாவது கூலி. பட்டு நெசவாளருக்குக் கூலி சேலைக் கணக்கில் கிடைக்கிறது. தறி ஓடாத நாளுக்கு வருமானம் இல்லை. மாத்திரை வாங்க மருத்துவமனை வரிசையில் நிற்கும் அரைநாள், நெசவாளருக்கும் துணையாளுக்கும் சேர்த்து இரண்டு பேரின் வேலையை நிறுத்துகிறது. மாத்திரை விலையில்லாமல் கிடைத்தாலும் அதை வாங்கி வரும் பயணம் விலையுள்ளதாக இருப்பதால், தாக்கம் சில மாதங்கள் வராமல் இருந்தவுடன் குடும்பம் பயணத்தைத் தள்ளிப்போடுகிறது.

இரண்டாவது தூக்கம். வலிப்பைத் தூண்டும் காரணங்களில் தூக்கமின்மை முதன்மையானது. முகூர்த்த மாதங்களுக்கும் தீபாவளிக்கும் முன்பு, ஒப்புக்கொண்ட சேலையை முடிக்க இரவிலும் தறி ஓடுகிறது. கோயில் நகரத்தின் நாள்காட்டியும் இரவு விழிப்பைக் கேட்கிறது: ஏகாம்பரநாதர் கோயிலில் சிவராத்திரி, வரதராஜப் பெருமாள் கோயிலில் வைகுண்ட ஏகாதசி, வைகாசிப் பிரம்மோற்சவத்தில் விடியற்காலைக் கருடசேவை என ஆண்டு முழுவதும் விழிப்பும் விரதமும் தொடர்கின்றன. விரத நாளில் தண்ணீர்கூட அருந்தக் கூடாது என்று மாத்திரையைத் தவிர்ப்பவர் உண்டு. நோயாளி வழிபாட்டை விட வேண்டியதில்லை. மாத்திரையை உரிய வேளையில் விழுங்குவதும், இரவு முழுவதும் விழிக்காமல் தரிசனத்தை மட்டும் முடித்துக்கொள்வதும் போதும் என்று செவிலியர் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பல தாக்கங்கள் தவிர்க்கப்படும். நேர்ந்துகொள்வதும் தாயத்துக் கட்டுவதும் மாத்திரையோடு சேர்ந்து நடந்தால் கேடில்லை. மாத்திரைக்குப் பதிலாக நடக்கும்போதுதான் உயிர் பணயமாகிறது.

மூன்றாவது வேலையிடத்து ஆபத்து. பட்டு நூலின் பசை நீங்க அதைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்து, பின்னர் சூடான சாயத் தொட்டியில் கழிகளில் தொங்கவிட்டுக் கையால் திருப்பித் திருப்பி நனைக்கிறார்கள். அந்தத் தொட்டியின் விளிம்பில் நிற்பவருக்குச் சில விநாடி நினைவிழப்பே பெருந்தீக்காயமாகிவிடும். கோயில் குளங்களிலும் கிணற்றடியிலும் தனியே குளிப்பது, மாடியேறி வேலை செய்வது, வண்டி ஓட்டுவது ஆகியவையும் அவ்வாறே. ஓட்டுநர் உரிமம் கேட்போர் வலிப்பு உண்டா என்பதை உறுதிமொழிப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என மோட்டார் வாகன விதிகள் கோருகின்றன. இவற்றோடு ஒப்பிட்டால் தறியில் அமர்ந்து நெய்வதும், தார் சுற்றுவதும், வடிவம் வரைவதும் ஆபத்து குறைந்த பணிகள். எனவே நோய் தெரிந்தவுடன் வேலையைவிட்டே நிறுத்திவிடாமல், தாக்கம் கட்டுக்குள் வரும்வரை சாயப்பட்டறையிலிருந்து தறிக்கு மாற்றுவதே அறிவுடைய வழியாகும்.

நான்காவது மறைப்பு. பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்ற அச்சத்தால், மாத்திரை அட்டையை ஒளித்து வைத்து, திருமணத்துக்குப் பின் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. வலிப்பு நோயைத் திருமணத் தகுதிக்குத் தடையாக வைத்திருந்த இந்து திருமணச் சட்டத்தின் வரியை நாடாளுமன்றம் 1999-இல் நீக்கிவிட்டது. சட்டத்திலிருந்து தடை மறைந்து கால் நூற்றாண்டு கடந்தும் வழக்கத்தில் அது நீடிப்பதால், கருவுறும் வயதுப் பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியவை. கருவுறுவதற்கு முன்பே மருத்துவர் அதற்கு ஈடான வேறு மருந்துக்கு மாற்றி, ஃபோலிக் அமிலமும் தந்தால் பெரும்பாலான பெண்கள் நலமான குழந்தையைப் பெற முடியும். நோயை மறைத்து வைத்தால் இந்த முன்னேற்பாடு எதுவும் நடக்காமல் போகிறது.

தடுக்கக்கூடிய வலிப்பு

வலிப்பு நோயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத் தடுக்க முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசவத்தின்போது குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜன் குறைதல், மூளைக்காய்ச்சல், தலைக்காயம், பக்கவாதம், நாடாப்புழு ஆகியவை அத்தகைய காரணங்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில் நடப்பதும், மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் ஹிப் தடுப்பூசியை உள்ளடக்கிய ஐந்துநோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரிலேயே இங்கும் கேரளத்திலும் நாட்டில் முதன்முதலாக அறிமுகமானதும், பெயரில் வலிப்பு இல்லாவிட்டாலும் வலிப்புத் தடுப்புப் பணிகளே. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்க 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டமும், தலைக்கவசச் சட்டமும் அந்த வரிசையில் சேர்கின்றன.

நாடாப்புழு பற்றி ஒரு தெளிவு தேவை. இது பன்றி இறைச்சியோடு தொடர்புடைய புழு; ஆயினும் அதை உண்ணாத குடும்பங்களிலும் இந்தப் புழுவால் வலிப்பு வரும். புழுவைக் குடலில் கொண்ட ஒருவரின் மலத்திலிருந்து முட்டைகள் மண்ணிலும் நீரிலும் கலந்து, சரியாகக் கழுவாத கீரை, காய், கை ஆகியவற்றின் வழியாக மற்றொருவர் வயிற்றை அடைகின்றன; அவற்றிலிருந்து வெளிவரும் இளம்புழுக்கள் இரத்தத்தின் வழியே சென்று மூளையில் தங்குகின்றன. ஆகவே கழிப்பறை வசதியும் கைகழுவுதலும் சைவ உணவினருக்கும் ஒருங்கே காப்பாகின்றன.

தாக்கம் வரும்போது

தாக்கம் தொடங்கியதும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அருகிலுள்ள கூர்மையான, சூடான பொருள்களை அகற்றி, தலைக்கு அடியில் மடித்த துணியை வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, இழுப்பு தளர்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கைகால்களை அமுக்கிப் பிடிப்பதும், வாயில் கரண்டியோ துணியோ திணிப்பதும், தண்ணீர் புகட்டுவதும் தீங்கு விளைவிக்கும். கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பதால் பயன் எதுவும் இல்லை. பெரும்பாலான தாக்கங்கள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுவதால்தான் இரும்பு பலித்ததாகத் தோன்றுகிறது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்த தாக்கம் வந்தாலோ, முதல் முறையாக வந்தாலோ, நீரில் வந்தாலோ, பாதிக்கப்பட்டவர் கர்ப்பிணியாகவோ காயமுற்றவராகவோ இருந்தாலோ உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது

2022 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட, வலிப்பு மற்றும் பிற நரம்பியல் நோய்களுக்கான பத்தாண்டுச் செயல்திட்டம், 2031-க்குள் வலிப்பு நோய்ச் சேவையின் பரப்பை 2021-இல் இருந்ததைவிட 50 விழுக்காடு உயர்த்துமாறு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது. துணை சுகாதார நிலையங்கள் தர வேண்டிய விரிவான சேவைகளில் வலிப்பு நோயையும் இந்திய அரசின் வழிகாட்டுதல் சேர்த்துள்ளது. இவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரப் புதிய மருத்துவமனைகள் தேவையில்லை.

முதலில் வேண்டியது பதிவு. மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் வீட்டில் கேட்கும் கேள்விகளோடு, ‘இந்த வீட்டில் எவருக்காவது நினைவிழந்து இழுப்பு வந்ததுண்டா, திடீரென்று பேச்சு நின்று வெறித்துப் பார்ப்பதுண்டா’ என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்தால், மறைந்திருக்கும் நோயாளிகள் மருத்துவரின் பார்வைக்கு வருவர். பதிவு இருந்தால்தான் மருந்தின் தேவை தெரியும். பாஸ்புக் முறையில் ஒரு மருத்துவமனை கேட்கும் அளவு அது அறிந்த நோயாளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், எண்ணப்படாத நோயாளிக்குரிய மாத்திரை கிடங்கிலிருந்து புறப்படுவதே இல்லை.

அடுத்தது வழங்கல். மருத்துவர் ஒருமுறை நோயை உறுதி செய்து அளவை நிர்ணயித்து, நிலை சீரான பின்னர், சர்க்கரை மாத்திரையோடு வலிப்பு மாத்திரையும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தின் நெசவாளர் வீட்டுக்கே செல்லுமானால், கூலி இழப்பு என்ற தடை நீங்கிவிடும். ஒரே மருந்து, ஒரே அளவில், இடைவெளியின்றிக் கிடைப்பதை உறுதி செய்வது புதிய, விலையுயர்ந்த மருந்தைத் தேடுவதைவிடப் பெரும்பாலோருக்குக் கூடுதல் பயன் தரும். இரண்டு மருந்துகளுக்குப் பிறகும் அடங்காத வலிப்பு உள்ளவர்களை மட்டும் தொலைமருத்துவம் வழியாகவோ நேரிலோ நரம்பியல் நிபுணரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அவர்களில் சிலருக்கு அறுவைச் சிகிச்சையே தீர்வாக அமையும்.

மூன்றாவது ஊரின் பங்கு. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் சாயப்பட்டறை உரிமையாளர்களும் நோயுற்றவரை வேலையிலிருந்து விலக்காமல் இடம் மாற்றித் தர முன்வர வேண்டும். கோயில் திருவிழாக்களின் மருத்துவ முகாம்களில் வலிப்பு முதலுதவி தெரிந்தவர் அமர வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் வெறித்துப் பார்க்கும் குழந்தையை அதட்டாமல் சிறார் நலக் குழுவிடம் காட்ட வேண்டும். சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் வீட்டுக்கு வீடு சென்று சேரும் வலிமையைத் தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை மெய்ப்பித்துக் காட்டியுள்ளது. அந்தத் தன்னார்வலரின் பையிலும் பதிவேட்டிலும் வலிப்பு நோய்க்கு ஓர் இடம் ஒதுக்குவது, செலவில் சிறியதும் பயனில் பெரியதுமான முடிவு. அதைக் காலம் தாழ்த்தாமல் எடுக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கு உண்டு.